தலைப்பாகையும் தலைமுடியும்

ஆண்டுதோறும் பள்ளிகள் திறக்கும் காலத்தில் தவறாமல் எழும் வழக்குகளுள் ஒன்று மாணவரின் தலைமுடி பற்றியது. காதோரம் ஒட்ட மழித்து உச்சியில் மட்டும் அடர்த்தியாக விடும் 'பாக்ஸ் கட்டிங்', புருவத்தில் ஒரு கீற்று, நெற்றியில் விழும் கற்றை ஆகிய யாவும் ஒழுங்கீனத்தின் அடையாளங்கள் என்று ஆசிரியர் கருதுகிறார். தன் தலை தன்னுடையது என்று மாணவன் கருதுகிறான். இது சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் வேலூர்ப் பகுதியில் வாழ்வோர் அவ்வாறு ஒதுக்குவது கடினம். முடியும் உடையும் பற்றிய ஓர் ஆணை நூற்றுக்கணக்கான உயிர்களைக் காவு கொண்ட ஊர் இது.

1805ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சென்னைப் படைக்கெனப் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. அப்போது படைத்தலைவர் சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றியில் சாதி, சமயக் குறிகள் இடலாகாது; கடுக்கன் அணியலாகாது; தாடியை மழித்தல் வேண்டும்; மீசையும் கூடிய மட்டும் ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். இவற்றுடன் புதிய வடிவிலான ஒரு தலைப்பாகையும் வந்தது. பார்வைக்கு அது ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலால் ஆன ஒரு குஞ்சமும் இருந்தது. அத்தோல் பசுவினுடையது என்று இந்துக்களும், பன்றியினுடையது என்று முஸ்லிம்களும் அஞ்சினர். தங்களைக் கிறித்தவராக்கும் முதற்படி இதுவே என்ற ஐயம் இரு சாராரிடமும் பரவியது.

மே மாதத்தில் வேலூரில் இருந்த நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார் தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். இருபத்தொருவர் கைது செய்யப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமுமாக இருவர் கசையடி பெற்று வேலையிழந்தனர். ஏனையோர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினர். அடுத்து நிகழ்ந்ததையே நாம் கருதிப் பார்க்க வேண்டும். முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கோட்டைக்குள் கலகம் மூளவிருப்பதை முன்னரே மேலதிகாரியிடம் தெரிவித்தான். அவன் பேச்சை எவரும் நம்பவில்லை. பித்தன் என்று கூறி அவனையே அடைத்து வைத்தனர். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கலகம் வெடித்தது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும், 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்களும் கொல்லப்பட்டனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி அன்று முற்பகலுக்குள் கோட்டையை மீட்டார். மீட்பின்போது மடிந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோர். பின்னர் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. 1807இல் கிரடாக், பெண்டிங்க் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். முஸ்தபா பேக்குக்கு வெகுமதியும் கிடைத்தது. யாவும் காலம் கடந்த பின்னரே!

கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த திப்புவின் மைந்தர்களே கலகத்திற்கு வித்திட்டவர்கள் என்று ஒரு சாரார் வாதிட்டதுண்டு. தமிழில் வேலூர்ப் புரட்சி குறித்து நூல் எழுதிய பேராசிரியர் ந. சஞ்சீவி முதலாக இதனை ஆராய்ந்தோர் பலர். காரணங்கள் பல என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் பல காரணங்களை ஒரே திரியில் முறுக்கித் தீ வைத்தது தலைப்பாகைதான்.

சிப்பாய்களின் பக்கம் நின்று இக்கதையைச் சொல்வது எளிது. ஆனால் அதில் நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. அவர்கள் காக்க முனைந்தவற்றுள் சாதிக் குறியும் அடங்கும். அன்று ஆணையிட்டு விலக்கப்பட்ட அதே பொருள், இன்று நம் பள்ளிகளிலிருந்து விலக வேண்டும் என்று நாமே விரும்புவதாகும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் பயின்றவர்களாலேயே வெட்டப்பட்டனர். அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யலாம் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அப்படியாயின் கிரடாக்கின் ஆணைக்கும் இப்பரிந்துரைக்கும் வேறுபாடு யாது?

விடையைத் தேடுமுன் குடுமியின் கதையையும் பார்த்துவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிறித்தவ மிஷன்களில் குடுமி ஒரு பெருஞ்சர்ச்சையாக இருந்தது. மதம் மாறியவர் குடுமியைக் களைதல் வேண்டும், அது பழைய சமயத்தின் எச்சம் என்றனர் ஒரு சாரார். கால்டுவெல் 1867இல் குடுமி பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதி இதனை மறுத்தார். குடுமி சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கமே என்பது அவர் கொள்கை. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கண்டவர் ஒரு மயிர்முடிச்சிற்காக இத்துணை மெனக்கெட்டது ஏன்? ஒரு சமூகத்தின் தலைமுடியை விளங்கிக்கொள்ளாமல் அதன் மீது கத்தி வைத்தல் தகாது என்பதை அவர் அறிந்திருந்தமையால்தான் என்பது நம் கருத்து.

சீருடை என்பது அடக்குமுறை மட்டுமே என்று முடிவு கட்டுவதும் தவறாகும். காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958இல் தொடங்கியது. ஊரார் தந்த பொருளைக் கொண்டு பள்ளிகள் செப்பமுற்றன. ஏழைப் பிள்ளைகள் சீருடையும் பெற்றனர். பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே நிறத்தில் உட்கார்ந்தது தமிழ்நாட்டில் சிறிய நிகழ்ச்சியன்று. சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை 1985 முதல் வழங்கப்பட்டது; 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆண்டுக்கு நான்கு இணைகளாக அது உயர்ந்தது; காலணியும் சேர்ந்தது.

காலணி என்றதும் ஆம்பூர் நினைவுக்கு வராமற் போகாது. தோற்குஞ்சத்திற்கு அஞ்சிக் கலகம் செய்த வேலூரைச் சுற்றியே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் எனத் தோல் தொழில் வளர்ந்தது வரலாற்றின் விந்தை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய், குரோம் உப்பு வந்தது. பாலாறு பாழானது, 1996இல் உச்சநீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளிக்க நேர்ந்தது. தோல் ஷாப்பில் வெட்டுக்கூலிக்கும் தூக்குக்கூலிக்கும் உழைப்போரில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஈரத்தோலின் வாடை அவர்தம் வீட்டுக்குள்ளும் வரும். அவ்வீட்டுப் பிள்ளைக்குத் துவைத்த சீருடை ஒரு கவசம். ஊர் அவன் மீது ஏற்றிய அடையாளத்தைச் சில மணி நேரமேனும் அது இறக்கி வைக்கிறது. அதே பிள்ளையைக் கறுப்பு ஷூ இல்லை என்பதற்காக வெயிலில் நிறுத்தினால், கவசத்தைப் பிடுங்கி அதனாலேயே அடிப்பதாகும். ஷூ தைக்கும் ஊரில் ஷூ இல்லாமைக்காக ஒரு பிள்ளை தண்டனை பெறுதல் எத்துணைக் கொடுமை!

இவ்விடத்தில்தான் நாம் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கிறது. 1806இன் விதி, அணிவகுப்பைப் பார்வையிடும் அதிகாரியின் கண்ணுக்கு அழகாக அமைந்தது. அணிபவனின் நெஞ்சில் என்ன நிகழும் என்பதை அது கேட்கவில்லை. வலியச் சொல்ல வந்தவனையும் அடைத்து வைத்தது. சந்துரு குழுவின் பரிந்துரை ஒரு பிள்ளையின் உடலில் விழுந்த வெட்டிலிருந்து பிறந்தது. எளியவனின் மீதுள்ள சுமையை இறக்கும் விதி ஒருவகை. புதிதாகச் சுமை ஏற்றும் விதி மற்றொரு வகை. எனினும் முன்னதுகூடப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசாமல் திணிக்கப்படுமாயின் பின்னதாகத் திரிந்துவிடும். 2022 பிப்ரவரியில் கர்நாடக அரசு பிறப்பித்த உடை ஆணையைத் தொடர்ந்து, முக்காடு களைய மறுத்த மாணவியர் வகுப்பறைக்கு வெளியே நின்றனர். அவ்வாண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே இதில் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கினர். விதி எதுவாயினும், அதன் விளைவாக ஒரு பெண்பிள்ளை கல்வியை இழப்பாளாயின் பள்ளி எதற்காக இருக்கிறது என்ற வினா எஞ்சுகிறது.

தலைமுடிக்கும் இதுவே அளவுகோல். முடியைச் சீராக வைத்துக்கொள் என்று கூறும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. வகுப்பின் நடுவில் கத்தரிக்கோலை எடுக்கும் உரிமை இல்லை. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. நறுக்கிய முடி ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். நாற்பது பேர் சிரிக்க நின்ற அந்த நொடி அவ்வாறு மறைவதில்லை. இழந்த மதிப்பை மீட்க அவன் எந்தக் கூட்டத்தைத் தேடிப் போவான், எந்த நிறக் கயிற்றைக் கட்டிக்கொள்வான் என்பதை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2006இல் வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது; நடுவணரசு அஞ்சல் தலை வெளியிட்டது. நினைவுத் தூணுக்கு மாலை சூட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. அடுத்த முறை சுற்றறிக்கை ஒன்றில் கையொப்பமிடுமுன், முஸ்தபா பேக்கைப்போல் எச்சரிக்க வரும் ஒரு மாணவனின் பேச்சுக்குக் காது கொடுத்தோமானால், அம்மாலைக்குப் பொருள் உண்டு.