மணலிலிருந்து மீண்ட கார்

இறந்த மனிதரைப் புதைப்பதை நாம் அறிவோம். ஒரு காரைப் புதைத்தார்கள் என்று கேட்டால் நம்புவீர்களா? பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் தென்கரையில் பெண்டைன் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே சுமார் 11 கி.மீ. நீளத்துக்குச் சமமான மணற்பரப்பு உண்டு. 1927ஆம் ஆண்டில் அந்தக் கரையோர மணல்மேட்டில்தான் ‘பாப்ஸ்’ என்ற பந்தயக் கார் புதைக்கப்பட்டது. அது மீண்டு வந்த கதையை இப்போது பார்ப்போம்.

இந்தக் காரை முதலில் செய்வித்தவர் லூயி செபரோவ்ஸ்கி என்ற செல்வந்தர். முதல் உலகப்போர்க் காலத்து அமெரிக்க விமான எஞ்சின் ஒன்றை அவர் அதில் பொருத்தினார். 12 சிலிண்டர்கள், 27 லிட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 450 குதிரைத் திறன்! எஞ்சினின் ஆற்றல் சைக்கிளில் உள்ளதுபோன்ற சங்கிலிகளின் வழியே பின்சக்கரங்களுக்குச் சென்றது. 1924இல் இத்தாலியில் நடந்த பந்தயத்தில் செபரோவ்ஸ்கி இறந்தார். காரை 125 பவுனுக்கு வாங்கியவர் பாரி தாமஸ். இவர் லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். நம் ‘அசோக் லேலண்ட்’ என்ற பெயரில் ஒலிப்பது அந்த லேலண்ட்தான்.

தாமஸ் காரைத் தம் கையாலேயே திருத்தி அமைத்தார். 1926 ஏப்ரலில் பெண்டைன் மணலில் மணிக்கு 275 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். 1927 பிப்ரவரியில் மால்கம் காம்பெல் அதே மணலில் மணிக்குச் சுமார் 281 கி.மீ. வேகத்தை எட்டி அதை முறியடித்தார். இழந்ததை மீட்க மார்ச் 3ஆம் நாள் தாமஸ் மீண்டும் வந்தார். ஓட்டத்தின் நடுவே கார் நிலைகுலைந்து உருண்டது. அவர் அங்கேயே உயிரிழந்தார். தரைவேக சாதனை முயற்சியில் இறந்த முதல் ஓட்டுநர் அவரே.

விசாரணை முடிந்ததும் காரை மணலில் புதைத்துவிட்டார்கள். “சங்கிலி அறுந்து தாமஸைத் தாக்கியது” என்ற பேச்சு நாட்டில் நிலைத்துவிட்டது. வாய்பேச வேண்டிய ஒரே சாட்சியோ மண்ணுக்குள்!

42 ஆண்டுகள் கழிந்தன. பேங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் ஆசிரியராக இருந்த ஓவன் வின் ஓவன் என்பவர் அனுமதி பெற்று, 1969இல் அதைத் தோண்டி எடுத்தார். வெளிவந்தது கார் என்று சொல்லத்தக்க பொருளன்று. மேற்கூட்டின் தகடுகள் பெரிதும் அரித்துப்போயிருந்தன.

ஏன் தகடு முதலில் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அரிப்பு மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிச் செல்வது. ஒரு மில்லிமீட்டர் தகட்டின் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் அரித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதே அரிப்பு, கனமான எஃகுச் சட்டத்துக்கு வெறும் தோல்காயமே. மேலும், உப்புநீரில் இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலமாகிவிடும். அக்கலத்தில் ஓர் உலோகம் தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றொன்றைக் காக்கும். எனவே புதைந்த எந்திரத்தின் எல்லாப் பகுதிகளும் ஒன்றுபோல் அழிவதில்லை.

ஓவன் கேபல் கூரிக் என்னும் மலையூரில் வசித்தவர். அங்கே தம் பட்டறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்தக் காரோடு உழைத்தார். பயன்படும் உறுப்புகளைச் செப்பனிட்டார். பயன்படாதவற்றைப் புதிதாகச் செய்வித்தார். முடிவில் அந்தப் பெரிய எஞ்சின் மீண்டும் முழங்கியது. பிற்காலத்தில் பெண்டைன் அருங்காட்சியகத்தில் கார் காட்சிக்கு வைக்கப்பட்டது.

“புதிய உறுப்புகள் இவ்வளவு சேர்த்தபின் அது பழைய கார்தானா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பழுதுபார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பழுதுபார்ப்பவர் ஒவ்வோர் உறுப்பையும் கையில் எடுத்து, இது எப்படி உடைந்தது என்று கேட்டாக வேண்டும். மீட்கப்பட்ட காரை ஆராய்ந்தபின், பழி சங்கிலியிலிருந்து விலகிப் பின்சக்கரத்தின்மேல் சாய்ந்தது. சக்கரம் முறிந்ததே விபத்தின் தொடக்கமாகலாம் என்ற கருத்து வலுப்பெற்றது.

இதில் இயற்பியல் ஏதும் முரண்படுகிறதா? கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 275 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 76 மீட்டர். சக்கரத்தின் ஆரம் 40 செ.மீ. எனக் கொள்வோம். திசைவேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால், விளிம்பின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 1,500 மடங்கு! விளிம்பிலுள்ள ஒரு கிராம் பொருளைப் பிடித்துவைக்க ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். கம்பியில் நுண்ணிய விரிசல் இருந்தாலும் போதும். இயக்க ஆற்றலோ மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல் 21 மடங்கு. சக்கரம் முறிந்தால் பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழுதான கருவிகளைக் கழித்துக்கட்டும் பட்டியல் ஆண்டுதோறும் என் கைக்கு வரும். முன்பெல்லாம் பார்த்த உடனே கையெழுத்திடுவேன். ஓவனைப் பற்றிப் படித்தபிறகு அப்படிச் செய்வதில்லை. முதலில் மாணவர் இருவரிடம் கருவியைக் கொடுத்து, திறந்து, கெட்டதற்குக் காரணம் எழுதிவரச் சொல்கிறேன். சில கருவிகள் பிழைத்துவிடுகின்றன. பிழைக்காதவையும் ஏன் செத்தன என்று சொல்லிவிட்டே போகின்றன.

தாமஸின் உயிரை ஓவனால் மீட்க முடியவில்லை. ஆனால் சாட்சியை மீட்டார். உங்கள் வீட்டுப் பரணில் ஓடாத கடிகாரமோ, பாடாத வானொலியோ கிடக்கிறதா? மின்னிணைப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். அது ஏன் நின்றது என்று கண்டுபிடியுங்கள்.