அது அவங்க கலாசாரமா?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிடம் சிக்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் கைதிகளில் நூற்றுக்கு 27 பேர் செத்துப்போனார்கள். ஜெர்மனி, இத்தாலியிடம் சிக்கியவர்களில்? நாலே பேர். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சொல்லப்பட்ட கணக்கு இது.

காட்டுமிராண்டிகள் என்றது ஒரு கட்சி. இல்லை சார், அது அவங்க கலாசாரம் என்றது இன்னொரு கட்சி. 1941 ஜனவரியில் ராணுவ அமைச்சர் டோஜோ பெயரில் வந்த ‘செஞ்சின்குன்’ என்கிற கையேடு, உயிரோடு பிடிபடுவதே அவமானம் என்று சிப்பாய்களுக்குப் போதித்தது. அப்படி வளர்ந்தவன் சரணடைந்த எதிரியை எப்படி மதிப்பான்? அவனை நம்ம தராசில் நிறுக்கலாமா?

நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும்.

1904-05 ரஷ்ய யுத்தம். மாட்சுயாமா ஊரில் அடைக்கப்பட்ட ரஷ்யக் கைதிகள், பக்கத்திலிருந்த டோகோ வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வந்தார்கள். முதல் உலகப்போரிலோ, பாண்டோ முகாமிலிருந்த ஜெர்மானியக் கைதிகள் 1918 ஜூனில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியையே வாசித்தார்கள்!

மேற்கு நாடுகளிடம் நல்ல பேர் வாங்கத்தான் அத்தனையும் என்பார்கள். இருக்கட்டுமே. சரணடைந்தவனை மனுஷனாக நடத்த அந்தக் கலாசாரம் குறுக்கே நிற்கவில்லை, இல்லையா?

இடையில் மாறியது ஆட்சி. 1930களில் ராணுவத்தின் கை ஓங்கியது. போர்க்கைதிகளுக்கான 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஜப்பான், கடைசிவரை அதை அங்கீகரிக்கவில்லை. அதெல்லாம் சில மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு. பழியைக் கலாசாரத்தின் தலையில் போட்டால் அவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

நம்ம தராசு வேண்டாம், சரி. மாட்சுயாமாவின் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாமே!