ஜி–எச் கூட்டெழுத்து (ஆங்கிலம்)

ஆங்கில நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தான ஜி, எட்டாம் எழுத்தான எச் ஆகிய இரண்டும் அடுத்தடுத்து நின்று ஓர் எழுத்தைப் போல வழங்குவது ஜி–எச் கூட்டெழுத்து. இரவைக் குறிக்கும் ‘நைட்’, ஒளியைக் குறிக்கும் ‘லைட்’, மகளைக் குறிக்கும் ‘டாட்டர்’, எட்டைக் குறிக்கும் ‘எய்ட்’, சிரிப்பதைக் குறிக்கும் ‘லாஃப்’, பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என அன்றாடச் சொற்கள் பலவற்றில் இது உண்டு. சொல்லின் நடுவில் இது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. சில சொற்களின் இறுதியில் ‘ஃப்’ என ஒலிக்கும். சொல்லின் முதலில் வந்தால் ‘கங்கை’யின் இரண்டாம் ககரம் போன்ற மெல்லிய ககரமாகும். காரணமற்ற எழுத்து என்றெண்ணிப் பள்ளிப் பிள்ளைகள் இதை உருப்போடுகிறார்கள். காரணம் இருக்கிறது, அது தெரிந்தால் சொற்களின் பொருளும் உறவும் சேர்ந்தே விளங்கும்.

பழைய ஆங்கிலத்தில் அடித்தொண்டையில் காற்று உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. ‘பகல்’ என்னும் சொல்லின் ககரத்தை இன்னும் அழுத்தி உரசிச் சொன்னால் ஏறக்குறைய அந்த ஒலி வரும். அக்காலத்தில் அதை எச் என்ற ஒற்றை எழுத்தாலேயே எழுதினர். இரவு ‘நிஹ்த்’, மகள் ‘தொஹ்தோர்’. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்களின் கை ஓங்கியது. அடுத்த நூற்றாண்டுகளில் இந்தத் தொண்டை ஒலிக்கு ஜி–எச் என்னும் இரட்டை எழுத்து நிலைபெற்றது. பின்னர் தென்னிங்கிலாந்துப் பேச்சில் அந்த ஒலி தேய்ந்து மறைந்தது. அதற்குள் அச்சுக்கூடம் வந்து எழுத்தை உறைய வைத்துவிட்டதால், எழுத்து நின்றது, ஒலி போய்விட்டது. ஸ்காட்லாந்துப் பேச்சில் மட்டும் இரவை இன்றும் ‘நிஹ்த்’ என்று சொல்லக் கேட்கலாம்.

தமிழருக்கு இந்த நிலை புதிதன்று. பெரும்பாலான பேச்சு வழக்குகளில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் ‘அரை’ வேறு, ‘அறை’ வேறு என்று எழுத்தே காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்ற ஒரே ஒலியில் சரி, எழுதுதல், சடங்கு, கைவினைஞர் என நான்கு சொற்கள் உள்ளன. அவற்றுள் முதலாவதிலும் கடைசியிலும் ஜி–எச் உண்டு. கைவினைஞரைக் குறிக்கும் ‘ரைட்’, வேலையைக் குறிக்கும் ‘ஒர்க்’ என்னும் சொல்லோடு பிறந்தது. கப்பல் கட்டுபவர் ‘ஷிப்ரைட்’, சக்கரம் செய்பவர் ‘வீல்ரைட்’. நாடக ஆசிரியரைக் குறிக்கும் ‘பிளேரைட்’ என்பதும் எழுதுபவர் என்ற பொருளில் அமைந்ததன்று. நாடகத்தைச் செய்பவர் என்பதே அதன் பொருள். இதை எழுதுதலோடு குழப்பிப் பிழையாக எழுதுவோர் ஆங்கிலேயரிலும் மிகுதி.

இச்சொற்களின் உறவினரை ஜெர்மன் மொழியில் காணலாம். அங்கே தொண்டை ஒலி அழியவில்லை: இரவு ‘நாஹ்ட்’, எட்டு ‘ஆஹ்ட்’, மகள் ‘டோஹ்டர்’. இன்னும் பின்னே சென்றால், ஆங்கிலத்தில் ஜி–எச் வரும் இடத்தில் லத்தீனில் ககர ஒலி நிற்பது தெரியும். எட்டு அங்கே ‘ஒக்டோ’. ஜெர்மானிய மொழிகளில் நிகழ்ந்த இத்தகைய மெய்யொலி மாற்றங்களை 1822-இல் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் ஒழுங்குபடுத்திக் காட்டினார். சமஸ்கிருத ‘அஷ்ட’வும் இந்தக் குடும்பமே; நாட்காட்டியில் வரும் அஷ்டமியும் ஆங்கிலத்து எட்டும் ஒரே வேரின. மகளைக் குறிக்கும் ‘டாட்டர்’ சமஸ்கிருத ‘துஹித்ரு’வுக்கு உறவு.

பொருள் மாறிய சொற்களும் உண்டு. வீரப் பட்டம் பெற்றவரைக் குறிக்கும் ‘நைட்’ முதலில் பையன், ஏவலாள் என்ற பொருளில் வழங்கியது. அதன் ஜெர்மன் உறவான ‘க்னெஹ்ட்’ பணியாள் என்ற நிலையிலேயே இருந்துவிட்டது. அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘நெய்பர்’ முதலில் அருகில் குடியிருக்கும் உழவரைக் குறித்தது. இரு வாரத்தைக் குறிக்கும் ‘ஃபோர்ட்நைட்’ பதினான்கு இரவுகள் என்பதன் சுருக்கம். ஜெர்மானியர் காலத்தைப் பகலால் எண்ணாமல் இரவால் எண்ணியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் முதலாம் நூற்றாண்டிலேயே குறித்துள்ளார்.

சிரிப்பு, இருமல், கரடுமுரடு, கடினம், போதும் ஆகியவற்றைக் குறிக்கும் ‘லாஃப்’, ‘காஃப்’, ‘ரஃப்’, ‘டஃப்’, ‘இனஃப்’ ஆகிய சொற்களில் தொண்டை ஒலி அழியாமல் இதழுக்கு நகர்ந்து ‘ஃப்’ ஆனது. இந்த நகர்வு எல்லா இடத்திலும் நிகழவில்லை. அதனால்தான் ஓ–யு–ஜி–எச் என முடியும் சொற்கள் ‘த்ரூ’, ‘தோ’, ‘டஃப்’, ‘காஃப்’ என்று வெவ்வேறாக ஒலிக்கின்றன.

பிறப்பால் ஜி–எச் இல்லாத சில சொற்களும் அதைப் பின்னர் ஏற்றன. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ பிரெஞ்சு வழியே வந்தது. ஒளியோடு அதற்கு உறவில்லை. ‘லைட்’ போல ஒலித்ததால் பதினாறாம் நூற்றாண்டில் அதன் எழுத்தைப் பெற்றது. விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’ இருமலின் உறவு எனத் தவறாகக் கருதப்பட்டு ஜி–எச் சேர்த்தும் எழுதப்படுகிறது.

சொல்முதல் ஜி–எச்சின் கதை வேறு. 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவிய வில்லியம் கேக்ஸ்டன் அதற்குமுன் நெடுங்காலம் பிளெமிய மொழி வழங்கிய புரூஷ் நகரில் வாழ்ந்தவர். ஆவியைக் குறிக்கும் பிளெமியச் சொல்லில் ஜி–எச் இருந்த பழக்கம் அவருடைய அச்சில் ‘கோஸ்ட்’ என்பதற்குள் நுழைந்ததாக அறிஞர் கருதுகின்றனர். அரபியிலிருந்து பிணந்தின்னிப் பேயைக் குறிக்கும் ‘கூல்’ வந்தது. நெய்யைக் குறிக்கும் ‘கீ’, படித்துறையையும் மலைவழியையும் குறிக்கும் ‘காட்’ ஆகியவை இந்தியாவிலிருந்து சென்றவை. அவற்றில் எச், வட இந்திய மொழிகளின் மூச்சேறிய ககரத்தைக் காட்டுகிறது.

மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ என்பதை ஜி–எச் கொண்டு தொடங்கி எழுதலாம் என்ற புதிர் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவின் பெயரில் உலவுகிறது. ஆனால் அது 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே காணப்படுகிறது. ஷா பிறந்தது 1856-இல். சொல்லின் முதலில் ஜி–எச் ‘ஃப்’ என ஒலிப்பதே இல்லை என்பதால் புதிர் செல்லவும் செல்லாது.

இக்கூட்டெழுத்தை நீக்கும் முயற்சிகள் நடந்தன. அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டர் 1789-இல் மகள், சிரிப்பு, ஏர் முதலிய சொற்களை ஒலிக்கிணங்க எழுதப் பரிந்துரைத்தார். இம்மூன்றில் ஏரைக் குறிக்கும் ‘ப்ளவ்’ மட்டும் அமெரிக்காவில் அவ்வாறு மாறியது. 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களின் எளிய வடிவங்களை அரசு அச்சகம் பின்பற்ற ஆணையிட்டார். நாடாளுமன்றத்தின் கீழவை எதிர்த்ததால் அதே ஆண்டில் ஆணை கைவிடப்பட்டது. வண்டியில் இருந்தபடியே உணவு வாங்கும் ‘டிரைவ் த்ரூ’ கடைகளின் பலகையில் இன்று ஜி–எச் இல்லாத அந்த எளிய வடிவத்தைக் காணலாம்.