ஆன்சிலரி என்ற பெயரில் வந்த பொது நிர்வாகம்

 மலர்க் குழுவினர் வரலாற்றுத் துறை சார்பில் ஒரு கட்டுரை கேட்டார்கள். சோழர், பாண்டியர் பற்றி எழுத நம்மில் வல்லவர்கள் பலர் உண்டு. ஆகவே, நாம் எல்லோரும் படித்து, பெரும்பாலோர் மறந்தும்விட்ட ஒரு பாடத்தின் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாம் ஆன்சிலரி என்றோம். பின்னால் வந்தவர்கள் அலைடு என்றார்கள். பொது நிர்வாகம் என்ற அந்தத் துணைப்பாடம்தான் அது. "ஆன்சிலரிதானேப்பா, பரீட்சைக்கு முந்தின வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லாதவர் நம்மில் யார்?

இந்தப் பாடத்துக்கு வயது அதிகமில்லை. 1887ல் அமெரிக்காவில் உட்ரோ வில்சன் என்ற பேராசிரியர், அரசியல் வேறு, நிர்வாகம் வேறு, நிர்வாகத்தைத் தனியாகப் படிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவரே பின்னாளில் அந்நாட்டு ஜனாதிபதி ஆனார். நம் நாட்டில் இதற்கு முதலில் டிப்ளமோ வகுப்பு தொடங்கியது சென்னைப் பல்கலைக்கழகம், 1937ல். அதே 1937ல்தான் அமெரிக்காவின் லூதர் குலிக், நிர்வாகியின் வேலைகளை ஏழாகப் பிரித்து 'போஸ்ட்கார்ப்' என்ற சொல்லைக் கொடுத்தார். திட்டமிடுதல் முதல் பட்ஜெட் வரை அந்த வேலைகளின் ஆங்கிலப் பெயர்களின் தொடக்க எழுத்துகளால் ஆன சொல் அது. அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, அந்தச் சொல்லை மட்டும் நாம் மனப்பாடம் செய்யாமல் விட்டதில்லை!

சுதந்திரத்துக்குப் பிறகு ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. அவற்றை நடத்த நிர்வாகம் தயாரா என்று பார்க்க மத்திய அரசு பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்க நிபுணரை அழைத்தது. 1953ல் அவர் அறிக்கை தந்தார். 1954ல் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் பிறந்தது. பிறகு பாடம் பல கல்லூரிகளின் இளங்கலை வகுப்புகளுக்குள் நுழைந்தது. வரலாறும் அரசியலும் படித்தவர்களுக்கு அது துணையாக வந்தது. 1987ல் சிவில் சர்வீஸ் தேர்வில் விருப்பப் பாடமானதும் அதற்குத் திடீரென்று மவுசு கூடியது. கைடு புத்தகங்கள் குவிந்தன. 2013ல் அந்தத் தேர்வில் விருப்பப் பாடம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. தேர்வுக்காக மட்டும் ஒரு பாடத்தை மதித்தால், தேர்வு மாறும்போது பாடத்தின் மதிப்பும் மாறிவிடும்.

அப்படியானால் அதன் உண்மையான பயன் என்ன? நம் ஊர் உதாரணம் ஒன்றே போதும்: பள்ளி மதிய உணவு. இதை வரலாற்று மாணவன் எழுதினால் இப்படி எழுதுவான். 1920ல் சென்னை மாநகராட்சித் தலைவர் பி. தியாகராய செட்டியார் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956ல் முதலமைச்சர் காமராஜர் ஆட்சியில் மாநிலத் திட்டமானது. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்தது. ஆண்டும் பெயரும் சரி, முழு மார்க்.

ஆனால் ஆன்சிலரி படித்தவன் வேறு மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி: பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? 1920ல் மாநகராட்சி ஒதுக்கியது மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத தொகை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால், 1925ல் திட்டம் நின்றுபோனது. பிள்ளைகளின் பசி தீர்ந்ததால் அது நிற்கவில்லை. கணக்குத் தலைப்பு இடம் கொடுக்காததால் நின்றது. இரண்டாவது கேள்வி: யார் கை வழியாகப் போகிறது? காமராஜர் காலத்தில் ஊர் மக்கள் தந்த நன்கொடையும் அரசுப் பணமும் சேர்ந்து அடுப்பு எரிந்தது. 1982க்குப் பிறகு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒரு பெரிய பணியாளர் படையே உருவானது. அதில் ஏராளமானோர் பெண்கள். மூன்றாவது கேள்வி: நின்றுபோனால் யாரிடம் முறையிடுவது? 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களிலும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. சலுகையாகப் பார்க்கப்பட்டது உரிமையானது.

நம்மில் எத்தனை பேர் அந்தத் தட்டை ஏந்தி வரிசையில் நின்று, பிறகு இந்தக் கல்லூரி வரை வந்தோம் என்பது நமக்கே தெரியும். ஒரு அரசாணை தலைமைச் செயலகத்தில் கையெழுத்தாகி, கலெக்டர் ஆபீஸ், பஞ்சாயத்து யூனியன் வழியாக நம் தட்டுக்கு வந்து சேர்ந்த கதைதான் அந்த ஆன்சிலரி. போஸ்ட்கார்ப் என்று ஒப்பித்த நேரத்தில், நம் வயிற்றுக்குள்ளேயே இருந்த உதாரணத்தை யாரும் நமக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதை மேஜராகவே வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. துணைப்பாடமாக இருப்பதே அதன் பலம் என்பது என் கருத்து. வரலாறு படித்தவனுக்கு நேற்று நடந்தது தெரியும். பொருளாதாரம் படித்தவனுக்குக் காசின் போக்கு தெரியும். தாவரவியல் படித்தவனுக்கு நெல் தெரியும். ஒவ்வொருவனும் தன் பாடத்தோடு இந்த மூன்று கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் ஊராட்சிக் கூட்டத்தில் ஏமாற மாட்டான். ரேஷன் கடையிலும் ஏமாற மாட்டான்.

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். நம்மில் கிராம நிர்வாக அலுவலர்களும், தாசில்தார்களும், ஊராட்சித் தலைவர்களும், சங்கப் பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு பீரியட் வந்து, ஒரே ஒரு ஃபைல் எப்படி நகர்ந்தது, எங்கே படுத்துக்கொண்டது, யார் எழுப்பினார்கள் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கைடு புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது. மாணவர் குறைவு என்று சொல்லி இந்தப் பாடத்தை எடுத்துவிட எப்போதாவது பேச்சு வந்தால், அதற்கு முதல் ஆட்சேபம் நம் சங்கத்திலிருந்து போகட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் ஒற்றுமை!