கம்பியின் மறுமுனையில் யார்?

தொலைபேசி நிலையத்தின் வேலை பேச்சை இணைப்பது என்றே பொதுவாக எண்ணுகிறோம். அதற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு: கம்பியின் மறுமுனையில் இருப்பது யார், எங்கே என்று அறிவது. 1882இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நிலையங்கள் திறந்தபோது அந்த அறிவு ஆபரேட்டரின் தலைக்குள் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்த நாட்களில் ‘பி.பி. கால்’ (பர்ட்டிகுலர் பர்சன், குறிப்பிட்ட நபர்) என்றொரு வகை இருந்தது. கேட்ட ஆள் வந்து பேசினால்தான் அது முழு அழைப்பு. தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணை ‘பி.பி. நம்பர்’ என்று விசிட்டிங் கார்டில் அச்சிட்டதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

தானியங்கி நிலையங்கள் வந்தபின் இந்த அறிவு அழியவில்லை, கம்பிக்கு மாறியது. 1960இல் கான்பூர்–லக்னோ இடையே, ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. தொடங்கியது. 1984இல் பிறந்த அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், குளிர்சாதனம் தேவைப்படாத 128 இணைப்புச் சிறு நிலையத்தைக் கிராமங்களுக்காக வடிவமைத்தது. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவது இயங்கியது. இப்படித் தானியங்கி நிலையங்கள் பரவியபோது, எஸ்.டி.டி. குறியீடு 0451 என்றால் திண்டுக்கல், 04545 பழனி, 04543 வத்தலக்குண்டு என்று எண்ணே ஊரைச் சொன்னது. ஊருக்குள் ஒவ்வொரு எண்ணும் நிலையத்து இணைப்புச் சட்டகத்தில் கட்டப்பட்ட ஒரு ஜோடிச் செம்புக் கம்பி. வீடு மாறினால் விண்ணப்பம் கொடுத்து, லைன்மேன் வந்து கம்பி மாற்ற வேண்டியிருந்தது.

கணினி வலையமைப்பு வழியே பேசும் ஐ.பி. போன் இந்தக் கட்டை அவிழ்த்தது. அதை எந்த அறையின் சுவர்த்துளையில் செருகினாலும் அதே எண்ணில் மணி அடிக்கும். கம்பி இடத்தைச் சொல்லாதபோது கருவிதான் சொல்லியாக வேண்டும். கருவி தன்னை அறிவிப்பதற்காகச் சிஸ்கோ தன் கருவிகளுக்கென வைத்திருந்த சி.டி.பி. முறைக்குப் பிறகு, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எல்.எல்.டி.பி. 2005இலும், குரல் கருவிகளுக்கான அதன் விரிவு ‘மெட்’ 2006இலும் தரநிலையாயின. வழக்கமான அமைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை போன் தன் வகையையும் மின்தேவையையும் தான் இணைந்திருக்கும் வலையமைப்பு ஸ்விட்சிடம் அறிவிக்கிறது. குரல் எந்த விலானில் (வலையமைப்புக்குள் பிரித்த தனிப் பாதையில்) போக வேண்டும், அதற்கு என்ன முன்னுரிமை, போன் செருகிய போர்ட் எந்த அறையில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் திருப்பிச் சொல்கிறது. ஆபரேட்டர் செய்த விசாரிப்பு இது. பழைய வேலைக்குப் புதிய ஆள் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆபரேட்டர் மனிதரை அறிந்தார், ஸ்விட்ச் கருவியை மட்டுமே அறிகிறது என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் மனித அறிவும் பழுதற்றதாக இருக்கவில்லை. தன் வாடிக்கையாளரை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிட்டார் என்ற சந்தேகமே ஆல்மன் ஸ்ட்ரௌஜரைத் தானியங்கி நிலையம் நோக்கித் தள்ளியது என்பார்கள். அவர் காப்புரிமை பெற்றது 1891இல். இதைவிடக் கனமான மறுப்பு, கருவி பொய் சொல்லலாம் என்பது. எல்.எல்.டி.பி. சொன்னதை அப்படியே நம்பும். போன் என்று வேடமிட்ட கணினி குரல் விலானுக்குள் நுழைய முடியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு செய்யும் திண்டுக்கல்லுக்கு இது புதிதல்ல: பூட்டு சாவியைத்தான் அறியும், கையை அறியாது. அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று யாரும் விடவில்லை, நெம்புகோல்களைக் கூட்டினார்கள். இங்கும் 802.1எக்ஸ் சான்று சோதனையை உடன் சேர்ப்பதே வழி.

திண்டுக்கல்லின் மருத்துவமனைகளிலும் நூற்பாலைகளிலும் கல்லூரிகளிலும் ஸ்விட்ச் அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு போர்ட்டுக்கும் அறையும் மாடியும் தவறாமல் எழுதி வையுங்கள். மூச்சுத் திணறுபவர் ரிசீவரை எடுத்துவிட்டுப் பேச முடியாமல் போனால், எந்த அறை என்று சொல்ல அந்தக் குறிப்பு மட்டுமே இருக்கும்.