படம் எழுதியது ஒளியா, மனிதனா?

வில்லை வழியே வரும் ஒளி, வெள்ளி உப்புப் பூசிய தகட்டில் விழுந்து வேதிமாற்றத்தை உண்டாக்குகிறது, படம் பதிகிறது. எல்லாம் ஒளியும் வேதிப்பொருளும் செய்யும் வேலை. அப்படியானால் ஒளிப்படத்திற்கு ஒருவர் எப்படி உரிமை கொண்டாட முடியும்? இயற்பியல் மாணவர் கேட்கக்கூடிய இக்கேள்வி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே ஒருமுறை எழுந்தது.

1882ஆம் ஆண்டில் அயர்லாந்து எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு சொற்பொழிவாற்ற அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்பவர் தம் படக்கூடத்தில் அவரைப் படம் எடுத்தார். அப்படங்களுள் ஒன்றை, பரோ-கைல்ஸ் என்னும் கல்லச்சு நிறுவனம் சரோனியைக் கேளாமலே 85,000 படிகள் அச்சிட்டது. சரோனி வழக்குத் தொடர்ந்தார்.

ஒளிப்படத்திற்குப் பதிப்புரிமை வழங்கும் சட்டம் 1865லேயே வந்துவிட்டது. நிறுவனமோ அச்சட்டமே செல்லாது என்றது. அரசியலமைப்பு ஆசிரியர்களின் எழுத்துகளைத்தான் காக்கிறது. கருவி எடுக்கும் நகலுக்கு ஆசிரியர் ஏது என்பது அதன் வாதம்.

1884 மார்ச் 17 அன்று தீர்ப்பு வந்தது. வைல்டு அமர்ந்த கோலம், உடை, திரைச்சீலை, ஒளியும் நிழலும் விழும் விதம் ஆகிய அனைத்தையும் மனத்தில் கண்டு அமைத்தவர் சரோனி. எனவே அவரே ஆசிரியர் என்றார் நீதிபதி சாமுவேல் மில்லர். சரோனிக்குக் கீழ்நீதிமன்றம் வழங்கிய 610 டாலரும் உறுதியாயிற்று.

படக்கூடத்தில் திட்டமிட்டு எடுத்த படம் சரி. தெருவில் நொடிப்பொழுதில் எடுத்த படம்? அதைப்பற்றி நீதிமன்றம் அன்று முடிவு கூறவில்லை. பின்னர் அத்தகைய படங்களுக்கும் உரிமை ஏற்கப்பட்டது. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டி நாட்டை நிலநடுக்கம் தாக்கியபோது, டேனியல் மொரேல் என்பவர் தாம் எடுத்த படங்களை இணையத்தில் ஏற்றினார். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனமும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அவரது அனுமதியின்றி அவற்றை வழங்கின. 2013இல் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு ஏறத்தாழ 12 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

85,000 படிகளுக்கு அன்று கல்லும் மையும் தாளும் தேவைப்பட்டன. இன்று படம் என்பது எண்களின் வரிசை. நகலெடுக்க ஒரு விரல் போதும். எளிதில் எடுக்க முடிவதால் மட்டும் ஒரு பொருள் பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஒளிப்பட உரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது.

ஒளி எல்லார்க்கும் பொது. எங்கே நின்று, எந்த நொடியில் அதைப் பிடிப்பது என்று முடிவு செய்தவர் ஒருவர். இணையத்தில் கண்ட படத்தை எடுத்து வெளியிடுமுன், அந்த ஒருவரைத் தேடிக் கேட்பது நம் கடமையாகும்.