மினி ஃப்ரிட்ஜ் புராணம்: ஒரே பேரு, மூணு மெஷின்

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புற பசங்ககிட்ட இருந்து வருஷா வருஷம் ஆகஸ்ட்ல ஒரு கேள்வி வரும். "அண்ணே, ரூமுக்கு எந்த மினி ஃப்ரிட்ஜ் சீப்?" தேடிப் பார்த்தா சுமார் 40 டாலர்ல ஒண்ணு, 150ல ஒண்ணு, 300ல ஒண்ணுன்னு வந்து நிக்கும். எல்லாத்துக்கும் பேரு மினி ஃப்ரிட்ஜ்தான். ஆனா உள்ளே இருக்கிறது மூணு வேற வேற மெஷின். எது சீப்னு தெரியணும்னா கொஞ்சம் வரலாறு பார்த்தாகணும் மக்களே. போரடிக்காம சொல்றேன் :)

1834: ஒரே வருஷம், ரெண்டு வித்தை

கையில ஸ்பிரிட் தடவினா சில்லுனு இருக்கும்ல? திரவம் ஆவியாகும்போது சுத்தி இருக்கிற சூட்டை இழுத்துக்கும். அந்த ஆவியைப் பிடிச்சு அழுத்தி மறுபடி திரவமாக்கினா, இழுத்த சூட்டை வெளியே தள்ளிடும். திரும்பத் திரும்ப இதையே செஞ்சா ஃப்ரிட்ஜ் ரெடி. லண்டன்ல இருந்த ஜேக்கப் பெர்கின்ஸ் 1834ல ஈத்தரை வச்சு இதுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்குப் பின்னாடி 'ஙொய்ய்'னு சத்தம் போடுற கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜோட கொள்ளுத் தாத்தா இதுதான்.

அதே 1834ல பிரான்ஸ்ல, கடிகாரத் தொழில்ல இருந்து விஞ்ஞானத்துக்கு வந்த ஜான் பெல்டியே வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சார். ரெண்டு உலோகம் சேர்ற இடத்துல கரண்ட் விட்டா, ஒரு முனை குளிருது, மறு முனை சுடுது. பம்ப் கிடையாது, வாயு கிடையாது. அழகான வித்தை, ஆனா வெறும் உலோகத்துல குளிர்ச்சி ரொம்பக் கம்மி. 1954ல இங்கிலாந்துல ஜூலியன் கோல்ட்ஸ்மிட் பிஸ்மத் டெல்லூரைடுங்கிற செமிகண்டக்டரை வச்சு 0 டிகிரி வரைக்கும் குளிர வச்ச பிறகுதான் இது உருப்படியாச்சு. நீங்க பார்க்கிற அந்த 40 டாலர் டப்பாவுக்குள்ளே இருக்கிறது இதுதான்.

1922: ரெண்டு ஸ்டூடண்ட்ஸ்

கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு ஒரு பெரிய பிரச்னை இருந்துச்சு. 1920கள்ல வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஓடினது சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா மாதிரி விஷ வாயுக்கள். கசிஞ்சா ஆளையே தூக்கிடும்.

1922ல ஸ்டாக்ஹோம் ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில படிச்சுட்டு இருந்த பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ்னு ரெண்டு பேர், அசையுற பாகமே இல்லாத ஒரு ஃப்ரிட்ஜை உருவாக்கினாங்க. (நாமெல்லாம் காலேஜ்ல என்ன ப்ராஜெக்ட் பண்ணோம்னு நான் கேட்க மாட்டேன் :)) 1859லயே ஃபெர்டினாண்ட் காரே அம்மோனியாவும் தண்ணியும் வச்சு ஒரு மெஷின் செஞ்சிருந்தார், ஆனா அதுக்குப் பம்ப் வேணும். இவங்க அதோட ஹைட்ரஜனைச் சேர்த்து அழுத்தத்தைச் சமன் பண்ணிட்டாங்க. பம்ப் அவுட்! கீழே சூடு காட்டினா மேலே குளிரும். 1925ல எலக்ட்ரோலக்ஸ் இதைக் கையில எடுத்துச்சு.

பெர்லின்ல ஃப்ரிட்ஜ் வாயு கசிஞ்சு ஒரு குடும்பமே செத்த செய்தியைப் படிச்சுட்டு, நம்ம ஐன்ஸ்டீனும் லியோ ஸிலார்டும் இதே வேலையில இறங்கினதா சொல்வாங்க. 1930ல அமெரிக்கக் காப்புரிமையும் கிடைச்சுது. ஃப்ரிட்ஜ் மட்டும் கடைக்கு வரவே இல்லை.

காரணம், 1930ல தாமஸ் மிட்ஜ்லி குழுவோட ஃப்ரியான் வந்துருச்சு. விஷமில்லை, தீப்பிடிக்காது. கம்ப்ரஸர் ஜெயிச்சது. அது ஓசோன்ல ஓட்டை போடும்னு 1974ல மொலினாவும் ரோலண்டும் எச்சரிச்சாங்க. 1987ல மாண்ட்ரியல் ஒப்பந்தம். இன்னைக்கு சின்ன ஃப்ரிட்ஜ்கள்ல பெரும்பாலும் ஐஸோபியூட்டேன், அதுவும் சில பத்து கிராம்தான். ஆனா அது எரியக்கூடியது. ஃப்ரீஸர்ல ஐஸ் கட்டிக்கிச்சுன்னு கத்தியால குத்தாதீங்க சாமி. ஆஃப் பண்ணிட்டு கரைய விடுங்க.

ஸ்வீடன் பசங்களோட மெஷினும் சாகலை. சத்தமே இல்லைங்கிறதால ஹோட்டல் ரூம் மினிபார்ல ஓடிட்டுதான் இருக்கு. அந்த 300 டாலர் ஐட்டம் இதுதான். தரை சமமா இருக்கணும், இல்லைன்னா உள்ளே திரவம் சரியா ஓடாது.

சரி, எதை வாங்குறது?

பெல்டியே டப்பா ரூம் சூட்டை விட சுமார் 20 டிகிரிதான் இறக்கும். ரூம் 30 டிகிரின்னா உள்ளே 10. சோறு, பால், சாம்பார் எல்லாம் 4 டிகிரிக்கிட்ட இருக்கணும். சோத்துல 'பேசில்லஸ் சீரியஸ்'னு ஒரு பாக்டீரியா உண்டு. அதோட வித்துகள் கொதிக்க வச்சாலும் தப்பிச்சுடும். சோறு போதுமான குளிர்ல இல்லைன்னா பெருகும். அது விடுற ஒரு நச்சு திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. ஞாயித்துக்கிழமை சமைச்சு வியாழக்கிழமை வரை ஓட்டுற மாணவனுக்கு இது விளையாட்டு இல்லை. அந்த டப்பா கோலா குளிர வைக்க மட்டும்தான்.

கரண்ட் கணக்கும் பாருங்க. தெர்மோஸ்டாட் இல்லாத 60 வாட் பெல்டியே நாள் முழுக்க ஓடினா 1.44 யூனிட், வருஷத்துக்கு 525. அதை விடப் பல மடங்கு பெரிய 3 கன அடி கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் தோராயமா 200லிருந்து 300 யூனிட்தான் இழுக்கும். வெளியே வீடு எடுத்துத் தங்கினா பில் உங்க தலையில.

அதனால என் ஓட்டு கம்ப்ரஸருக்கு. தலைமாட்டுல சத்தம் ஆகவே ஆகாதுன்னா, ரூமும் ரொம்பச் சூடாகாதுன்னா, அம்மோனியா மெஷின். விடுதியில தங்குறவங்க எத்தனை கன அடி, எத்தனை ஆம்பியர் வரை அனுமதின்னு முதல்ல கேட்டுக்குங்க. பட்ஜெட் இடிச்சா செகண்ட் ஹேண்ட் பாருங்க. மே மாசம் படிப்பு முடிச்சுக் கிளம்புறவங்க அடிமாட்டு விலைக்குத் தள்ளுவாங்க. காசு குடுக்கும் முன்னாடி ஒரு டம்ளர் தண்ணிக்குள்ளே தெர்மாமீட்டர் போட்டு ஒரு ராத்திரி வைக்கச் சொல்லுங்க. காலையில 4 காட்டினா எடுத்துக்கலாம். படுக்க வச்சுத் தூக்கிட்டு வந்தீங்கன்னா, சில மணி நேரம் நிமிர்த்தி வச்ச பிறகு ஸ்விட்ச் போடுங்க. கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்கணும்ல.

டிஸ்கி: எதை வாங்கினாலும் மாவு பொங்குறதுக்கு கம்பெனி பொறுப்பல்ல :)